படத்தில் இருப்பவர் யார்? விக்டோரியா கால ஓவியங்களைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் பிரிட்டனில் வரையப்பட்ட ஓவியங்களை முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு திகைப்பு வரும். படம் பளிச்சென்று இருக்கிறது. இலை, துணி, கண்ணாடி எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போலத் தெரிகிறது. ஆனால் அதற்குள் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது, என்னவென்றுதான் பிடிபடவில்லை. அந்தப் பெண் ஏன் பாதி எழுந்த நிலையில் நிற்கிறாள்? மேசைக்கடியில் பூனைக்கு என்ன வேலை?

இப்படிக் கேட்க வேண்டும் என்றுதான் வரைந்தவர்களும் விரும்பினார்கள். லண்டன் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சியில் தரையிலிருந்து கூரைவரை ஒன்றையொன்று ஒட்டிப் படங்களை மாட்டுவார்கள். அந்த நெரிசலில் ஒருவரை நிறுத்திவைக்க ஒரு கதை தேவைப்பட்டது. வில்லியம் பவல் ஃபிரித் வரைந்த குதிரைப் பந்தய நாள் படமான 'தி டெர்பி டே' 1858-ல் அங்கே வைக்கப்பட்டபோது, கூட்டம் முண்டியடித்ததால் படத்துக்கு முன்னால் தடுப்புக் கம்பியே போட வேண்டி வந்தது.

அப்புறம் வந்த தலைமுறை, கதை சொல்லும் ஓவியம் என்றாலே மட்டம் என்று ஒதுக்கியது. ஃபிரெடரிக் லெய்ட்டனின் 'ஃபிளேமிங் ஜூன்' (1895) என்ற படம் சீந்துவாரில்லாமல் கிடந்து, 1963-ல் குறைந்த விலைக்கு புவேர்ட்டோ ரிக்கோவின் போன்ஸே நகர அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்று அந்த அருங்காட்சியகத்தின் பெருமையே அந்தப் படம்தான். ஆகவே ஓவியத்தில் கதை தேடுவதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஓவியங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று, ஓவியர் சொல்ல வந்த கதை. மற்றொன்று, அந்தக் கதாபாத்திரமாக மணிக்கணக்கில் அசையாமல் இருந்த மாடலின் கதை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், வரிசையாக, தனித்தனியாகப் பார்க்கப் பழகினால் ரசனை தானாக வளரும்.

1. குறிப்பைப் படிக்காமல் பத்து நிமிடம் பாருங்கள்

வில்லியம் ஹோல்மன் ஹண்ட் 1853-ல் வரைந்த 'தி அவேக்கனிங் கான்ஷன்ஸ்' என்ற படத்தில் தொடங்கச் சொல்வேன். மனசாட்சி விழித்துக்கொள்ளும் நொடியைக் காட்டும் படம். லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் நல்ல தெளிவோடு இருக்கிறது. பெரிதாக்கிப் பார்க்கும் வசதியுள்ள திரை வேண்டும். கைபேசியை விடக் கணினி நல்லது.

பக்கத்தில் இருக்கும் விளக்கத்தைப் படிக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, படத்தில் கண்ணுக்குப் படும் பொருள்களை எழுதுங்கள். பியானோ, கடிகாரம், தரையில் ஒரு கையுறை, சிக்குப்பிடித்த நூல், கண்ணாடி. மூலைகளை விட்டுவிடாதீர்கள். இந்த ஓவியர்கள் மூலைகளில்தான் அதிகம் உழைத்தார்கள்.

2. ஒவ்வொரு பொருளையும் 'நீ ஏன் இங்கே?' என்று கேளுங்கள்

ஓர் ஆண் பியானோ முன் நாற்காலியில் சாய்ந்து பாடிக்கொண்டிருக்கிறான். அவன் மடியிலிருந்து ஒரு பெண் எழுகிறாள். கணவன் மனைவி என்று முதலில் தோன்றும். அவள் இடது கையைப் பெரிதாக்கிப் பாருங்கள். மற்ற விரல்களில் மோதிரங்கள் இருக்கின்றன, திருமண மோதிரம் அணியும் விரலில் இல்லை. அங்கிருந்து கதை பிரியத் தொடங்குகிறது. இவள் அவனுடைய மனைவி இல்லை. அவன் எடுத்துக் கொடுத்த வீட்டில் அவன் செலவில் வாழ்பவள்.

இப்போது மேசைக்கடியில் பாருங்கள். பூனை ஒரு பறவையைப் பிடித்திருக்கிறது, பறவை தப்பிக்கத் துடிக்கிறது. கழற்றி எறிந்த கையுறை, இவளையும் ஒருநாள் அப்படி எறிவார்கள் என்கிறது. மரச்சாமான்கள் எல்லாம் புத்தம் புதியவை, பளபளப்பு மாறாதவை. ஒரு குடும்பம் புழங்கித் தேய்ந்த பொருள் ஒன்றுகூட அந்த அறையில் இல்லை. 1854-ல் படம் காட்சிக்கு வந்தபோது பலருக்கு இது விளங்காமல் போக, விமர்சகர் ஜான் ரஸ்கின் 'தி டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதி, அந்தப் புதுமையே எப்படிக் கதை சொல்கிறது என்று விளக்க வேண்டியிருந்தது. அன்றைய ஆட்களுக்கே விளக்கம் தேவைப்பட்டது என்றால், நமக்கு உடனே புரியாததில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அவளுக்குப் பின்னால் உள்ள பெரிய கண்ணாடிதான் எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம். வெயில் விழும் தோட்டம் ஒன்று அதில் தெரிகிறது. பிம்பம் என்பதால் உண்மையான தோட்டம் அவளுக்கு எதிரே, அதாவது பார்க்கும் நமக்குப் பின்னால் இருக்கிறது. அவள் நம்மைத் தாண்டி வெளிச்சத்தைப் பார்க்கிறாள். தப்பிக்கும் வழி நாம் நிற்கும் பக்கம்தான் என்று ஒரு கண்ணாடியை வைத்தே சொல்லிவிட்டார் ஹண்ட்.

3. தலைப்பு, ஃபிரேம், அன்றைய சட்டம்

அடுத்து, கதை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஷேக்ஸ்பியர், அன்றைய கவிஞர் டென்னிசன், பைபிள், கிரேக்கப் புராணம், இல்லையென்றால் சமகால வாழ்க்கை. முதல் நான்கும் எளிது. மூலக்கதையின் சுருக்கத்தைப் படித்துவிட்டு வந்தால் போதும். சமகாலப் படங்களுக்குத்தான் கொஞ்சம் வேலை அதிகம்.

ஃபிரேமைக் கட்டாயம் பாருங்கள். பல இணையதளங்கள் அதை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் போடுகின்றன. ஹண்ட் தன் படத்தின் ஃபிரேமில் எச்சரிக்கைக்கு மணிகளையும் துயரத்துக்குச் சாமந்தி வகைப் பூக்களையும் வைத்து, பைபிளின் நீதிமொழிகளிலிருந்து ஒரு வசனத்தையும் பொறித்தார்.

அன்றைய சட்டமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு அகஸ்டஸ் எக் 1858-ல் காட்சிக்கு வைத்த மூன்று படங்களின் தொகுதி நல்ல உதாரணம். இன்று 'பாஸ்ட் அண்ட் பிரசன்ட்' என்று அழைக்கிறார்கள். முதல் படத்தில் கணவன் கையில் மனைவியின் வேறு உறவைக் காட்டிக்கொடுத்த ஒரு கடிதம், தரையில் குப்புற விழுந்து கிடக்கும் மனைவி, ஓரமாகச் சீட்டுக்கட்டு வீடு கட்டும் இரண்டு பெண் குழந்தைகள். வீடு சரிந்துகொண்டிருக்கிறது. ஓர் ஆப்பிள் இரண்டாக வெட்டப்பட்டு, ஒரு பாதி தரையில் கிடக்கிறது. இரண்டாவதில் வளர்ந்துவிட்ட மகள்கள் ஜன்னலோரம் நிலாவைப் பார்க்கிறார்கள். மூன்றாவதில் தேம்ஸ் நதிக்கரையில், வளைவுக்கடியில், ஒரு பச்சைக் குழந்தையோடு தாய். அவளும் நிலாவைப் பார்க்கிறாள். இரண்டு படங்களிலும் நிலாவையும் அதன் கீழுள்ள மேகத்தையும் ஒப்பிடுங்கள். ஒரே இரவு, ஒரே நேரம்.

1857-ல் இங்கிலாந்தில் விவாகரத்துச் சட்டம் வந்தது. மனைவி பிறரோடு உறவு கொண்டாள் என்று நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவி கேட்டால் அது போதாது. கொடுமை, கைவிடல் என்று வேறொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். அதற்கு மறுவருடம் வந்த படங்கள் இவை. இதைத் தெரிந்துகொண்டு மூன்றாம் படத்தின் தாயைப் பாருங்கள், முதல் பார்வையில் வந்த தீர்ப்பு அப்படியே நிற்காது.

4. எப்படி வரைந்தார்கள் என்று பாருங்கள்

1848-ல் லண்டனில் ஏழு இளைஞர்கள் சேர்ந்து 'பிரீ-ரபேலைட் சகோதரர்கள்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். முக்கியமான மூவரில் ஹண்டுக்கு 21 வயது, டான்டே கேப்ரியல் ரோசெட்டிக்கு 20, ஜான் எவரெட் மில்லேக்கு 19. இத்தாலிய ஓவியர் ரஃபேலுக்குப் பின் வந்த அகாடமி பாணி பொய்யாகிவிட்டது, இயற்கையை உள்ளது உள்ளபடி வரைய வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். இருண்ட பழுப்பு நிற அடித்தளத்தை விட்டுவிட்டு, வெள்ளைப் பூச்சின் மேல் மெல்லிய அடுக்குகளாக வண்ணம் ஏற்றினார்கள். உள்ளிருக்கும் வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் அந்தப் பச்சையும் சிவப்பும் இன்றும் கண்ணில் அறைகின்றன.

மில்லேயின் 'ஒஃபீலியா'வைத் திறந்துகொள்ளுங்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் மனம் பேதலித்து ஆற்றில் மூழ்கும் பெண். அந்தச் சாவு மேடையில் நடப்பதில்லை, அரசி வந்து வாயால் சொல்வாள். அந்தச் சொற்களை மில்லே காட்சியாக்கினார். 1851 கோடையில் சர்ரே மாவட்டத்தின் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, இலையிலையாக, மாதக்கணக்கில் பின்னணியை மட்டும் வரைந்தார். ஈக்கள் மொய்த்தன, காற்று தள்ளியது. வயலுக்குள் அத்துமீறி நுழைந்து வைக்கோல் புல்லைப் பாழாக்கியதாகப் புகார் செய்வோம் என்ற மிரட்டலும் வந்ததாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கோடையில் தொடங்கி இலையுதிர் காலம்வரை நீண்ட வேலை என்பதால், ஒரே நேரத்தில் பூக்காத பூக்கள் படத்தில் சேர்ந்து பூத்திருக்கின்றன. சிவப்புப் பாப்பிக்குச் சாவு என்று பொருள், டெய்சிக்குக் கள்ளமின்மை, தாழ்ந்து தொங்கும் வில்லோ மரத்துக்குக் கைவிடப்பட்ட காதல். விக்டோரியா கால வீடுகளில் இந்தப் பூமொழி பரவலாகத் தெரிந்த ஒன்று.

பின்னணி முடிந்தது. நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அங்கேதான் எலிசபெத் சிடல் வருகிறார்.

5. மாடலைத் தேடுங்கள், அவருடைய வாழ்க்கையோடு

தொப்பிக் கடையில் வேலை பார்த்த பெண் சிடல். வால்டர் டெவரல் என்ற ஓவியர் மூலம் இந்தக் குழுவுக்கு அறிமுகமானவர். குளிர்காலத்தில், லண்டன் கோவர் தெருவில் இருந்த மில்லேயின் வீட்டில், தண்ணீர் நிரப்பிய குளியல் தொட்டியில் பழைய சரிகை உடை அணிந்து படுத்தார். அந்த உடையை மில்லே 4 பவுண்டுக்கு வாங்கியிருந்தார். தண்ணீர் சூடாக இருக்கத் தொட்டிக்கடியில் விளக்குகள். ஒருநாள் விளக்குகள் அணைந்தன. மில்லே கவனிக்கவில்லை, சிடலும் சொல்லவில்லை. கடும் சளி பிடித்தது. சிடலின் தந்தை வைத்தியச் செலவுக்கு 50 பவுண்டு கேட்டு வழக்குப் போடுவேன் என்றதும், பில்லைக் கட்ட மில்லே ஒப்புக்கொண்டார்.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகின்றன. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. தொட்டியில் கிடந்த சிடல், ரோசெட்டியிடம் பயின்று ஓவியரானார். கவிதை எழுதினார். 1855-ல் ரஸ்கின், அவர் வரைவதையெல்லாம் வாங்கிக்கொள்ள ஆண்டுக்கு 150 பவுண்டு தர முன்வந்தார். 1857-ல் பிரீ-ரபேலைட் ஓவியர்கள் லண்டனில் நடத்திய கண்காட்சியில் பங்கேற்ற ஒரே பெண் அவர். 1860-ல் ரோசெட்டியை மணந்தார். மறுவருடம் குழந்தை இறந்தே பிறந்தது. 1862 பிப்ரவரியில், அபின் கலந்த லாடனம் என்ற மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டு 32 வயதில் இறந்தார்.

'ஒஃபீலியா'வைப் பார்த்த கையோடு 1853-54-ல் சிடல் வரைந்த தன்னுருவப் படத்தைத் தேடிப் பாருங்கள். சிறிய வட்டப் படம். கனவில் மூடிய கண்களோ விரித்த கூந்தலோ இல்லை. இறுக்கமான முகம், நேரான பார்வை. அதன்பின் ரோசெட்டி, மனைவி இறந்தபின் வரைந்த 'பியாட்டா பியாட்ரிக்ஸ்' படத்துக்குப் போங்கள். அங்கே மூடிய கண்களோடு, விரித்த கைகளுக்கு ஒரு சிவப்புப் பறவை பாப்பிப் பூவைக் கொண்டுவர, சிடல் இத்தாலியக் கவி தாந்தேயின் காதலி பியாட்ரிஸ் ஆகியிருக்கிறார். பிறர் பார்த்த சிடலும், தன்னைத் தானே பார்த்த சிடலும் எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்பதை இந்த மூன்று படங்களை அடுத்தடுத்துப் பார்த்தாலே உணரலாம்.

முதலில் பார்த்த ஹண்டின் படத்துக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. அதில் எழுந்து நிற்பவர் அன்னி மில்லர். மதுக்கடையில் வேலை செய்தவர். அவருக்குப் படிப்பும் நடை உடையும் கற்றுக்கொடுத்து மணந்துகொள்வதாக ஹண்ட் திட்டமிட்டார். 1854-ல் புனித பூமிக்குப் பயணம் போனபோது, யார் யாருக்கு மாடலாக இருக்கலாம் என்று பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ரோசெட்டி பெயர் இல்லை. அன்னி ரோசெட்டிக்கும் மாடலானார். உறவு முறிந்தது. அவர் வேறொருவரை மணந்து, குழந்தைகள் பெற்று, 90 வயதுவரை வாழ்ந்தார். ஹண்டின் படம் சொல்வது போல அவரைக் காப்பாற்ற யாரும் தேவைப்படவில்லை. இன்னொன்று, படத்தை வாங்கிய தாமஸ் ஃபேர்பேர்னுக்கு அந்த முகத்தின் வேதனை தாங்க முடியாததாக இருந்ததால், ஹண்ட் முகத்தைத் திருத்தி வரைந்தார். 1854-ல் மக்கள் பார்த்த முகபாவம் இப்போது நாம் பார்ப்பது இல்லை.

6. ஓரத்தில் நிற்பவர்களை விட்டுவிடாதீர்கள்

ஃபேனி ஈட்டனின் பெயரை இப்போதுதான் பரவலாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். 1835-ல் ஜமைக்காவில் பிறந்தவர். தாய் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். லண்டனில் வீட்டு வேலை செய்து, குதிரை வண்டியோட்டி ஒருவரோடு குடும்பம் நடத்தி, பத்துக் குழந்தைகளை வளர்த்தவர். இடையே மாடலாகவும் உட்கார்ந்து சம்பாதித்தார். 1860-ல் சிமியன் சாலமனின் 'தி மதர் ஆஃப் மோசஸ்' படத்தில் மோசேயின் தாய் அவர்தான். ரோசெட்டியின் 'தி பிலவட்' படத்தில் மணப்பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் தோழிகளில் ஒருவர்.

1861-ல் சிமியனின் அக்கா ரெபெக்கா சாலமன் 'எ யங் டீச்சர்' என்று ஒரு படம் வரைந்தார். ஒரு வெள்ளைக்காரச் சிறுமி தன் இந்திய ஆயாவுக்குப் புத்தகத்திலிருந்து பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த ஆயா ஃபேனி ஈட்டன். நம் நாட்டிலிருந்து உண்மையாகவே ஆயாக்கள் ஆங்கிலக் குடும்பங்களோடு கப்பலேறினார்கள். கரை சேர்ந்ததும் கைவிடப்பட்டவர்களும் உண்டு, அவர்களுக்காக லண்டனில் ஒரு விடுதியே நடந்தது. அந்த ஆயாவை வரைய ஜமைக்காப் பெண் போதும் என்று அன்றைய ஸ்டூடியோ நினைத்தது. யூதத் தாய், இந்திய ஆயா, மணத்தோழி எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு முகம் பொருந்தும் என்ற எண்ணம் நமக்கு உறுத்த வேண்டும். படத்தில் உள்ள பரிவும் உண்மைதான், அந்த அலட்சியமும் உண்மைதான்.

அதே வருடம் ஜோவானா பாய்ஸ் வெல்ஸ் வரைந்த ஈட்டனின் முகப்படத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. பக்கவாட்டு முகம், காதில் தொங்கட்டான், எந்த வேடமும் இல்லை. இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள் என்பேன்.

7. கேட்ட கதையை எல்லாம் நம்பாதீர்கள்

மாடல்களின் வாழ்க்கை சினிமாக் கதை போல இருப்பதால் மிகைகளும் ஒட்டிக்கொள்கின்றன. குளியல் தொட்டிக் கதையே, சம்பவம் நடந்து பல பத்தாண்டுகள் கழித்து 1899-ல் மில்லேயின் மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகப் பரவியது. அடிப்படை உண்மை, ஆனால் நேரில் பார்த்து உடனே எழுதியது இல்லை. சிடலின் சவப்பெட்டியில் ரோசெட்டி வைத்த கவிதைக் கையெழுத்துப் பிரதியை 1869-ல் ஹைகேட் கல்லறையில் தோண்டி எடுத்தார்கள். இது நடந்தது. ஆனால் உடல் அழகு மாறாமல் இருந்தது, செம்பட்டைக் கூந்தல் வளர்ந்து பெட்டியை நிறைத்திருந்தது என்பதெல்லாம் அந்த வேலையை ஏற்பாடு செய்த சார்லஸ் ஹோவெல் சொன்னது. அவர் கதை கட்டுவதில் பேர்போனவர். ரோசெட்டி அங்கே போகவே இல்லை.

பின்னால் நடந்ததை முன்னால் ஏற்றிப் பார்ப்பது இன்னொரு பொறி. ஹென்றி வாலிஸின் 'சாட்டர்டன்' (1856) படத்தில், 1770-ல் 17 வயதில் விஷத்தால் இறந்த கவிஞன் பரண் அறையில் கிடக்கிறான். கிழித்த கையெழுத்துத் தாள்கள், அப்போதுதான் அணைந்து புகையும் மெழுகுவத்தி. மாடல், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஜார்ஜ் மெரிடித். இரண்டு வருடத்துக்குள் மெரிடித்தின் மனைவி வாலிஸோடு போய்விட்டார். இதைத் தெரிந்தபின் படத்தில் துரோகத்தைத் தேடத் தோன்றும். மெரிடித் அந்தக் கட்டிலில் படுத்திருந்தபோது அது எதுவும் நடந்திருக்கவில்லை. படம் சாட்டர்டனைப் பற்றியது. அங்கேயே விடுங்கள்.

8. எங்கே பார்ப்பது

இந்த ஓவியங்களின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் பெரிய அளவுப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. டேட் இணையதளம், பிரிட்டனின் பொது அருங்காட்சியகங்களை ஒரே இடத்தில் தேடித் தரும் ஆர்ட் யுகே, கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர், விக்கிமீடியா காமன்ஸ் போதும். ஓவியரின் பெயரைவிட மாடலின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். ஒரே முகம் வெவ்வேறு ஓவியர்களிடம் எப்படி மாறுகிறது என்று வரிசையாகத் தெரியும். ஜேன் மோரிஸ், அலெக்சா வைல்டிங், மரியா சம்பாக்கோ என்று தொடரலாம்.

இங்கிலாந்து போகும் வாய்ப்பு இருந்தால் லண்டனில் டேட் பிரிட்டன். நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மான்செஸ்டர், பர்மிங்ஹாம், லிவர்பூல் அருங்காட்சியகங்களும் வளமானவை. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு டெலவேர் கலை அருங்காட்சியகம்.

எல்லாமே நல்ல படங்கள் என்று சொல்லமாட்டேன். கண்ணீரை வலிந்து வரவழைக்கும் குழந்தைகள், நாய்க்குட்டிகள் ஏராளம். சலிப்புத் தட்டினால் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

பயிற்சிக்கு லூக் ஃபைல்ட்ஸ் வரைந்த 'தி டாக்டர்' (1891). இதுவும் டேட்டில்தான். ஏழை வீட்டில் நோயுற்ற குழந்தை, பக்கத்தில் ஒரு மருத்துவர். முதலில் படத்தில் எத்தனை இடத்திலிருந்து வெளிச்சம் வருகிறது என்று பாருங்கள், ஜன்னலைக் கவனிக்காமல் விடாதீர்கள். குழந்தை படுத்திருப்பது கட்டிலா? இருட்டில் நிற்பது யார், அவர் கை எங்கே இருக்கிறது? இவற்றுக்கு விடை எழுதிய பிறகு, 1877-ல் ஃபைல்ட்ஸின் வீட்டில் என்ன நடந்தது என்று தேடிப் படியுங்கள். முன்னதாகப் படித்துவிட வேண்டாம்.